புகை படிந்த லென்ஸ் விற்பனைக்கு இல்லை

எங்கள் அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். மறைந்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதி முடிப்பதுதான் வழக்கம். நல்ல வார்த்தைக்கு அப்பாவிடம் பஞ்சமில்லை. ஆனால் இதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் அவர் இருந்தபோது அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள். அதையும் சேர்த்தே எழுதுகிறேன். அவருடைய லென்ஸ்களை எப்போது விற்கப்போகிறாய் என்று கேட்க வந்திருப்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கோபித்துக்கொண்டு பந்தியில் உட்காராமல் போய்விட வேண்டாம்.

அப்பா குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஓட்டு வீட்டில் பிறந்தவர். தகப்பனாரைச் சிறு வயதில் இழந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போனார். பத்து மணிக்குள் பாலை எடுத்துக் கொடுத்துவிட்டால் மீதிப் பகல் அவருடையது. அந்தப் பகல்களில் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவருக்கு விளக்குப் பிடித்தார். அங்கே பிடித்த கிறுக்கு கடைசிவரை அவரை விடவில்லை.

கல்ஃபிலிருந்து வந்தவர்கள் ஒரு காலத்தில் கேமராவும் கையுமாகத்தான் வந்தார்கள். ஃபிலிம் காலம் போனதும் அவை அலமாரிகளில் பூசணம் பிடித்துக் கிடந்தன. அப்பா அந்த வீடுகளுக்குப் போய், கேமரா வேண்டாம், முன்னால் இருக்கும் லென்ஸ் மட்டும் போதும் என்பார். பூசணம் இருந்தால் பாதி விலை. அதனால் பூசணத்தைக் கண்டால் அவர் முகம் மலரும். வீட்டுக்குக் கொண்டுவந்து, திருகாணிகளைக் கழற்றி, கண்ணாடிகளைத் துடைத்து மறுபடி பூட்டுவார். பழைய லென்ஸைப் புதுக் கேமராவில் மாட்ட ஒரு வளையம் போதும் என்று தெரிந்த அன்று, கடையில் புது லென்ஸ் வாங்கியவர்களை நினைத்துப் பரிதாபப்பட்டார்.

கூலி முழுவதும் அம்மாவிடம் போகும். மரத்தில் கட்டிய சிரட்டையில் மிஞ்சி உறையும் ஒட்டுப்பாலை விற்றுக் கிடைப்பது மட்டும் லென்ஸுக்கு. மழைக்காலத்தில் வெட்டு இல்லை, லென்ஸும் இல்லை. பத்தொன்பது வருடத்தில் அப்படிச் சேர்ந்தவை ஒன்பது. “பிள்ளைகளுக்க வாயில மண்ணப் போட்டுட்டுக் கண்ணாடி வாங்குகான்” என்று சொல்லித் திரிந்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும். எங்கள் வாயில் ஒருநாளும் மண் விழவில்லை.

ஒரு ஜூன் மாதம், இடவப்பாதி மழையில் நாலு லென்ஸில் மறுபடியும் பூசணம் ஏறியது. அப்பாவின் அண்ணனான பெரியப்பாவுக்கு ஒரு புகைப்புரை உண்டு. ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் அறை அது. எந்த மழையிலும் அங்கே ஷீட்டில் பூசணம் பிடிக்காது. ஷீட்டுக்கு ஆகும் வைத்தியம் கண்ணாடிக்கு ஆகாதா என்று நினைத்த அப்பா, நாலையும் துணிப்பையில் கட்டி மேல் கம்பில் தொங்கவிட்டார். பத்து நாள் கழித்து எடுத்தபோது நாலும் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் இருந்தன. மூன்றைத் துடைத்துத் தேற்றிவிட்டார். ஒன்றில் கண்ணாடிகளுக்கு நடுவே புகை ஏறி, கறை அப்படியே நின்றுவிட்டது.

பெரியப்பா அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா ஒரு பலகைப் பெட்டி செய்து, உள்ளே சின்னக் குண்டு பல்பை எரியவிட்டு, லென்ஸ்களை அந்தச் சூட்டில் அடுக்கிவைத்தார். “நான் பெத்துக் கெடந்தப்பகூட எனக்கு இந்தச் சூடு கெடைக்கல்ல” என்றார் அம்மா.

என் கல்யாணத்தன்று பந்தி முடிந்ததும் அப்பா மேற்கு வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டார். வயதானவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, அந்தக் கறை லென்ஸால் படம் எடுத்தார். நல்ல காரியத்தில் இப்படித் தனித்தனியாகப் படம் எடுப்பது லட்சணமல்ல என்று முணுமுணுப்பு எழுந்தது. பெரியம்மா உட்கார்ந்தார். பெரியப்பா மட்டும் மறுத்துவிட்டார்.

“நான் செத்த பெறவு மாட்டதுக்கு இப்பமே படம் எடுக்கியாலே?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

“ஆமாண்ணே” என்றார் அப்பா. அவருக்குப் பொய் சொல்ல வராது.

இப்போது உங்கள் வீட்டுச் சுவர்களைப் பாருங்கள். நீங்கள் மாலை போட்டு மாட்டியிருக்கும் முகங்களில் பெரும்பாலானவை அந்த ஒரே பகலில், நீங்கள் சிரித்த அந்த லென்ஸில் எடுத்தவை. பெரியம்மா இறந்த அன்று பெரியப்பாவே ஆளனுப்பி அந்தப் படத்தைக் கேட்டார். அப்பா சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார், பழையதைச் சொல்லிக்காட்டவில்லை. அவர் சொல்லாமல் போனதால்தான் நான் சொல்கிறேன்.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊருக்கெல்லாம் படம் எடுத்தவருக்கு ஆதார் அட்டைப் படத்தைத் தவிர வேறு படம் இல்லை. அவரே நாற்காலியை மேற்கு வாசலில் போடச் சொன்னார். “கறை பிடிச்சதப் போடு மக்கா. அதுக்குத்தான் மனுசன நோகாமப் பாக்கத் தெரியும்” என்றார். அப்படி நான் எடுத்த படம்தான் இந்த மலரின் அட்டையில் இருப்பது. மங்கலாக இருக்கிறது, தெளிவாக்கித் தருகிறோம் என்று அச்சகத்தில் சொன்னார்கள். தொடக்கூடாது என்றேன்.

பதினாறாம் நாள் கழிந்ததுமே விற்பனைப் பேச்சு தொடங்கிவிட்டது. மார்த்தாண்டத்தில் ஒருவர் ஒன்பதையும் மொத்தமாக எடுத்துக்கொள்வாராம். “பொம்பளப் பிள்ளைக்கு அது என்னத்துக்கு? வித்துரு” என்று பெரியப்பா மூன்று முறை சொல்லிவிட்டார். இன்று சபையில் வைத்து முடிவு கேட்பதாகவும் சொல்லியனுப்பினார். முடிவு இதுதான்: பெட்டிக்குள் பல்பு எரிகிறது. ஒன்பதும் என்னிடமே இருக்கும். பூசணம் பிடித்தால் பிரித்துத் துடைப்பேன். அதில் நானும் ஒன்றிரண்டைக் கெடுத்தால், தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் நோய்க்காலத்தில் வண்டி எடுத்து ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், கஞ்சி கொண்டுவந்த தோட்டத்துப் பெண்களுக்கும், அலமாரியைத் திறந்து தந்த கல்ஃப் வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெரியப்பாவுக்கும் நன்றி. அவருடைய புகை இல்லாவிட்டால் அந்த லென்ஸ் இல்லை.

சாப்பிட்டுக் கைகழுவியதும் மேற்கு வாசலுக்கு வாருங்கள். அதே நாற்காலியைப் போட்டு, அதே லென்ஸை மாட்டிவைத்திருக்கிறேன். முதல் படம் பெரியப்பாவுக்கு. அன்று கேட்ட கேள்வியை அவர் இன்றும் கேட்கலாம். அப்பா சொன்ன பதிலைத்தான் நானும் சொல்வேன்.