டாட்டா

யாராவது குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டி, "டாட்டா சொல்லு, டாட்டா சொல்லு" என்றால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நம் சனம் வாசற்படி தாண்டும்போது "போறேன்" என்றுகூடச் சொல்லாது, "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்லும். வெள்ளைக்காரன் விட்டுப்போன டாட்டாவில் அந்த 'வரேன்' எங்கே இருக்கிறது?

அந்தச் சொல்லை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவளே நான்தான். அறுபதுகளில், பள்ளிக்கூடத்து சிஸ்டர் சொல்லக் கேட்டது. அம்மாவுக்கு அப்போது காசநோய், பின்கட்டு அறையில் தனியாகப் படுத்திருந்தாள். ஒன்றரை வயதுத் தம்பியை அவளிடம் விடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் அழும்போதெல்லாம் "டாட்டா போலாம் வா" என்று இடுப்பில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வரை போய்வருவேன். ஆக, அவனுக்கு டாட்டா என்றால் என்னைத் தூக்கிக்கொள், கூட்டிப்போ என்று பொருள். அம்மாவுக்கு அது தெரியாது.

சேலம் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்க்க, பொம்மிடியில் அப்பா அவளை ரயிலேற்றினார். ஜன்னலோரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியனுப்ப வந்த பெரியம்மா, என் இடுப்பிலிருந்த தம்பியிடம், "அம்மாவுக்கு டாட்டா சொல்லு சாமி" என்றாள். அவ்வளவுதான். அவன் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் நீட்டி, "டாட்டா, டாட்டா" என்று அவள் பக்கம் தாவினான். அம்மாவும் கையாட்டினாள். வண்டி நகர்ந்து போன பிறகுதான் அவன் வீறிட்டு அழுதான். அதை அவள் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் பார்த்துவிட்டு வந்த அப்பா, "சின்னவன் சிரிச்சிக்கிட்டே அனுப்பி வெச்சானாம். 'பெத்த மனம் பித்து, புள்ள மனம் கல்லு'ங்கறா உங்கம்மா" என்றார்.

"இல்லீங்கப்பா, அவன் தூக்கச் சொன்னானுங்க. கூட்டிட்டுப் போகச் சொன்னான். அம்மாகிட்ட சொல்லிடுங்க."

அப்பா தம்பியை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"வேணாங்கண்ணு. புள்ள தேடறான்னு தெரிஞ்சா நாளைக்கே எந்திரிச்சி வந்துடுவா. ஒடம்பு தேறட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்."

அதில் நியாயம் இருந்தது. பாழாய்ப்போன நியாயம். எனக்குக் கடிதம் எழுதத் தெரியும், ஒரு கார்டு போட்டிருக்கலாம். அப்பா பேச்சைத் தட்டக் கூடாது என்று சும்மா இருந்துவிட்டேன்.

மூன்றாம் மாதம் அம்மா அங்கேயே இறந்துபோனாள். தன் பிள்ளை தன்னைத் தேடவில்லை என்று நம்பிக்கொண்டே போய்விட்டாள்.