கடலை இலையும் ஆட்டு ஊசியும்

நேற்று முன்தினம் கால்நடை டாக்டர் ஒருவர் போன் செய்தார். "சார், நீங்க ஒரு தடவ இங்கன வரணும். எம்பேச்ச யாரும் நம்ப மாட்டேங்காங்க" என்றார்.

திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சங்கரன்கோவிலில் டவுன் பஸ் ஏறிப் போனேன்.

மாடசாமி என்பவருடைய பட்டியில் பாதி ஆடுகள் செத்துப் போயிருந்தன. மிச்சம் இருந்தவை மூக்கு ஒழுகி, வாய் புண்ணாகி நின்றன. ஆட்டுக்கொள்ளை நோய். வைரஸ். முன்கூட்டியே ஊசி போட்டிருந்தால் தப்பித்திருக்கும்.

போடவில்லை. ஏன்? நான் எழுதியதால்.

உங்களுக்கு நினைவிருக்கும்... போன மாதம் இதே பக்கத்தில் மரபணு மாற்றிய செடிகளைப் பற்றி எழுதினேன். இந்த நோயின் வைரஸ் மேலுறையில் உள்ள ஒரு புரதத்தை நிலக்கடலைச் செடியின் இலையிலேயே விளைவிக்கப் பார்க்கிறார்கள். அந்த இலையைத் தின்ற ஆட்டுக்கு நோயை எதிர்க்கும் சக்தி வரலாம் என்று. 'இனி ஊசி வேண்டாம், இலை போதும்!' என்று முடித்திருந்தேன். எத்தனை பாராட்டு!

மாடசாமி ஊசி போட வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, தன் புஞ்சையில் விளைந்த கடலைக்கொடியை ஆடுகளுக்கு அள்ளிப் போட்டிருக்கிறார்.

"நா அன்னைக்கே கேட்டேன் சார்" என்றார் அவர் மனைவி கோமதி. "கடலைக்கொடி மருந்துன்னா, வருசா வருசம் அதத் திங்குத நம்மூரு ஆட்டுக்கு நோயே வந்திருக்கக் கூடாதேன்னு. இவுக கேட்டாத்தான?"

"சும்மா இருடி" என்றார் மாடசாமி. "பேப்பர்லயே போட்டிருந்துச்சுல்லா?"

"பேப்பர்ல வடையுந்தான் மடிச்சுத் தாராக. வடை தின்னா நோய் போயிருமா?"

யாரும் சிரிக்கவில்லை.

அந்தச் செடி இன்னும் ஆராய்ச்சியைத் தாண்டி வெளியே வரவில்லை. புஞ்சைக் கடலையில் அந்தப் புரதம் துளியும் கிடையாது. எனக்குத் தெரியாதா? கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுத்தவன் நான். தெரியும். எழுதவும் செய்தேன் — 'இது ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது; ஊசியைத் தவறவிடாதீர்கள்' என்று. அனுப்புவதற்கு முன் படித்துப் பார்த்தேன். முடிவு சப்பென்று இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டேன். மாடசாமி செத்த ஆடுகளைப் புதைத்த பக்கம் பார்த்தபடி, "நல்லாத்தான் சார் எழுதியிருந்திய" என்றார்.

திட்டியிருக்கலாம்.

பக்கத்துப் பட்டிகளில் இன்னும் நோய் வரவில்லை. டாக்டர் மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். ஆட்டைப் பிடித்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. அங்கே நின்றவர்களிடம் கெஞ்சினேன். பட்டிக்காரர் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்:

"பேப்பர்ல இலைன்னிய. இப்பம் வாயால ஊசின்னு சொல்லுதிய. நாங்க எதைய நம்ப? அதே பேப்பர்ல எழுதுங்க சார். அப்பம் பிடிச்சுத் தாரோம்."

நியாயம்தானே?

எழுதிவிட்டேன் அண்ணாச்சி. கடலைக்கொடி இன்றைக்கு வெறும் தீவனம்தான். ஊசிதான் மருந்து. ஆட்டைப் பிடியுங்கள்.