பரிமளா வீட்டுத் தறிக்குழி

எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தறிதான். நல்ல வெளிச்சம் வரும் அறை அதற்கு. மிச்சமிருக்கிற மூலை முடுக்கில் மனிதர்கள் குடியிருக்கிறோம். பிள்ளை அழுத முகத்தோடு வந்தாலும், பாவு நூல் மேல் சாயாதே, அப்பால் போ என்பதுதான் அதன் காதில் விழும். அப்பால் எங்கே போவது என்று யாரும் சொல்வதில்லை.

எதிர்வீட்டுப் பரிமளாவிடம் இடம் இருந்தது. அவள் புருஷன் பெங்களூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அந்த மகராசன் போன பிறகு தறியைப் பிரித்து விற்றுவிட்டாள். நெய்கிறவர் காலை விட்டு உட்காரும் குழி மட்டும் தரையில் தங்கிவிட்டது. பகலில் வீடு வீடாகப் போய், புதுப் பாவைப் பழைய பாவோடு இழை இழையாகப் பிணைத்துக் கொடுப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை.

கொரோனா முடிந்த சமயம் தெருப்பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தாள். பிறகு வகுப்பு நின்றுபோனது. வகுப்புக்குக் கொடுத்த படக்கதைப் புத்தகங்கள் அவளிடமே இருந்துவிட்டன. மனசு சரியில்லாத நாளில் மட்டும் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. வீட்டில் அடி விழுந்திருக்கும், சிநேகிதி டூ விட்டிருப்பாள், ஆசையாய் வளர்த்த நாய்க்குட்டி செத்திருக்கும். வந்த பிள்ளை குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்காரும். என்ன நடந்தது என்று பரிமளா கேட்கவே மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, படத்திலிருக்கும் எருமைக்கன்று ஏன் தனியாக நிற்கிறது என்று கேட்பாள். கன்றின் கஷ்டம் என்று தொடங்கி, பிள்ளை தன் கஷ்டத்தையெல்லாம் கொட்டித் தீர்க்கும். மனசு லேசானதும் ஓடிவிடும். நல்ல நாளில் ஒன்றாவது எட்டிப் பார்க்கிறதா என்று நான் சீண்டுவேன். அவள் சிரித்து மழுப்புவாள்.

தெருக்கோடி வீட்டு சத்யப்ரியாவுக்கு எட்டு வயது. அவள் அம்மா சுகன்யா சென்னையில் ஒரு வீட்டில் தங்கி வேலை பார்க்கப் போனதிலிருந்து பிள்ளை தினமும் பரிமளாவிடம் வந்தாள். அந்த மாதங்களில் பரிமளாவின் முகமே மாறிவிட்டது. வேலையை ஜல்தியாக முடித்து, கடலை உருண்டை வாங்கிக்கொண்டு வருவாள். ஆடி மாதம் சுகன்யா வேலையை விட்டுத் திரும்பினாள். மறுநாளிலிருந்து பிள்ளை வரவில்லை.

பரிமளா கதவைச் சாத்தாமலே வைத்திருந்தாள். ஒருநாள் நாங்கள் இருவரும் காய் வாங்கப் போனபோது, சத்யப்ரியா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்தாள். பரிமளாவைக் கண்டதும் பிள்ளை அம்மாவின் முந்தானையில் முகத்தை மறைத்துக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. தின்ற உருண்டைக்காவது ஒரு சிரிப்பு சிரிக்கக் கூடாதா என்று வாய்விட்டே சொன்னேன்.

"புள்ளய திட்டாதக்கா," என்றாள் பரிமளா. "என்னப் பாத்தா அதுக்கு அழுத நாளுதான் நெனப்பு வரும். இப்ப சிரிச்சிகினு போவுது இல்ல, வுடு."



ஐப்பசியில் ஒரு சாயங்காலம் நான் அவள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் சத்யப்ரியா வந்து நின்றாள். பரிமளா எழுந்த வேகத்தில் டீ சிந்தியது. வா வா என்று கூப்பிட்டாள், முகமெல்லாம் சிரிப்பு. பிள்ளை சிரிக்கவில்லை. குழியில் காலை விட்டு உட்கார்ந்து, அம்மா காலை பஸ்ஸில் மறுபடியும் சென்னைக்குப் போய்விட்டதாகத் தலையைக் குனிந்தபடி சொன்னாள்.

புத்தகம் எடுத்து வருவதாக உள்ளே போன பரிமளா வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தேன். சுவரில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"கொழந்த மனசு ஒடஞ்சி வந்து நிக்குது. எனக்கு சந்தோஷமா இருந்துச்சிக்கா," என்றாள். "அவ அம்மா சீக்கிரம் திரும்பி வந்துடணும்னு சாமிகிட்ட கேக்கணும் இல்ல? கேக்க வாய் வரல."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பிள்ளையிடம் போனாள்.