கேட்காத இரண்டு கேள்விகள்

குழந்தைகள் மருத்துவமனையின் வெளிநோயாளிகள் கூடத்தில், ஏழாம் எண் அறை வாசலில், எடை பார்க்கும் இயந்திரத்தோடு இருபத்து மூன்று வருடமாக உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் தராசக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். தூரத்தில் ஒரு பிள்ளை ஓடிவருவதைப் பார்த்தே "பதினெட்டு கிலோ" என்பார். ஏற்றிப் பார்த்தால் இருநூறு கிராம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். புதிதாக வருகிற டாக்டர்கள் தேநீருக்குப் பந்தயம் கட்டித் தோற்றுப்போவார்கள். அந்தப் பெருமை அக்காவின் தலைக்கு ஏறியிருந்தது என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவார். ஆனால் ஏறித்தான் இருந்தது.

அக்கா சின்ன வயதிலிருந்தே குண்டு. பள்ளிக்கூடத்தில் யாருடைய சாப்பாட்டு டப்பா காணாமல் போனாலும் முதலில் இவருடைய பையைத்தான் தலைகீழாகக் கொட்டிப் பார்ப்பார்களாம். ஒருதரம்கூட அதில் எதுவும் கிடைத்ததில்லை. மறுதரமும் கொட்டத்தான் செய்தார்கள். இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்வார், கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வராது. அதனால் தன் எதிரில் நிற்கிற குண்டுப் பிள்ளைகளை அவர் ஒருநாளும் ஒரு வார்த்தை கேலி பேசியதில்லை. எடையைச் சத்தமாகப் படிக்காமல் சீட்டில் எழுதித் தாயின் கையில் மடித்துக் கொடுப்பார். நல்ல மனசுதான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த நல்ல மனசுதான் பிறகு காலை வாரிவிட்டது.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் ஓர் ஆராய்ச்சி டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண், வேகமாகப் பேசுகிறவர். மருத்துவமனை அப்போது ஒல்லிப் பிள்ளைகளின் வீடுகளுக்கு மட்டும் மாதாமாதம் ஒரு சாப்பாட்டுப் பெட்டி கொடுத்துக்கொண்டிருந்தது: பால், முட்டை, பருப்பு, காய்கறி, பழம். குண்டுப் பிள்ளைகளின் வீடுகளிலும் பற்றாக்குறை இருக்கிறதா, அவர்களுக்கும் பெட்டி வேண்டுமா என்று கண்டுபிடிப்பதுதான் டாக்டரின் வேலை. அதற்காக ஒரு தாள் அடித்து அக்காவிடம் கொடுத்தார். எடை, உயரம், வயது. அதற்குக் கீழே இரண்டே கேள்விகள். கடந்த பன்னிரண்டு மாதத்தில், கையில் காசு வருவதற்குள் வீட்டில் சாப்பாட்டுச் சாமான் தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டதுண்டா? உண்மையிலேயே தீர்ந்துபோய், மறுபடி வாங்க வழியில்லாமல் இருந்ததுண்டா? ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டங்கள், உண்டு, இல்லை.

"ஒருத்தரையும் விடாம கேக்கணும்க்கா. எழுதியிருக்கறது எப்படியோ அப்படியே" என்றார் டாக்டர்.

"அதுக்கென்ன டாக்டர், கேட்டாப் போச்சு" என்றார் அக்கா.

ஒல்லிப் பிள்ளைகளின் தாய்மாரிடம் அப்படியே கேட்டார். முதல் வாரம் ஒரு குண்டுப் பையனின் தாயிடமும் கேட்கத்தான் வாயைத் திறந்தார். அந்தம்மா தாளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், முகம் சுண்டிப்போயிற்று. அக்காவுக்கு நாக்கு எழவில்லை. இவ்வளவு சதை போட்டிருக்கிற பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டில் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டால், அது கேள்வியா, நக்கலா? பையைத் தலைகீழாகக் கொட்டியவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இப்படி நினைத்துக்கொண்டு, தாளை மடித்து, இரண்டு 'இல்லை'களிலும் தானே குறி போட்டார். பார்த்தாலே தெரிகிறதே, இதற்கு ஏன் ஒரு தாயைக் கூனிக் குறுக வைக்க வேண்டும்? அன்றிலிருந்து குண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதே கதைதான். கேள்வி கிடையாது, இரண்டு குறிகள், கூடவே ஓர் இலவச புத்திமதி: "இனிப்பைக் கொஞ்சம் குறைச்சுக் குடும்மா."

'எல்லாரையும் கேக்கறீங்கல்ல அக்கா?' என்று டாக்டர் மாதம் ஒருமுறை விசாரிப்பார். ஆமாம் என்று அக்கா கண்ணைப் பார்த்தே சொல்வார். அதைப் பொய் என்று அவர் நினைக்கவேயில்லை என்பதுதான் இதில் மோசம்.

போன கோடையில் அக்காவின் கணவருக்குக் குடலிறக்க அறுவை நடந்தது. அவர் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவர், வலியை ஒரு வருடம் மறைத்தவர். பன்னிரண்டு நாள் விடுப்பில் அக்கா கூடவே இருந்தார். எடைக்கு ஒரு புது நர்ஸ் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணுக்கு முகம் பார்க்கவெல்லாம் தெரியாது. தாளில் இருந்ததை ஒப்பித்தாள், சொன்னதை எழுதினாள்.

திரும்பி வந்த அக்கா தாள்களைப் புரட்டியபோது ஒன்றில் கண் நின்றது. ஒன்பது வயதுச் சிறுமி, ஐம்பத்தொரு கிலோ, இரண்டு கேள்விகளுக்கும் 'உண்டு'. இரண்டு வருடமாக வருகிற பிள்ளை. புது நர்ஸ் தூக்கக் கலக்கத்தில் கட்டம் மாற்றிப் போட்டிருக்கிறாள் என்று அக்கா தீர்மானித்தார். அடுத்த திங்கட்கிழமை தாயும் மகளும் வந்தார்கள். சுவரில் எத்தனை மிருகப் படம் இருக்கிறது என்று எண்ணிவரச் சொல்லிச் சிறுமியை அனுப்பிவிட்டு, அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, போன தடவை அந்தப் பொண்ணு ஏதோ தப்பா குறிச்சிருக்கா. வீட்ல சாமான் தீர்ந்துபோச்சு, வாங்க வழியில்லன்னு. நான் மாத்திடறேன்."

"தப்பு இல்லக்கா. அவங்க கேட்டாங்க, நான் சொன்னேன்."

"இத்தனை நாளா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நீங்க கேக்கவே இல்லையேக்கா."

குற்றம் சொல்கிற குரலில்லை அது. அதனால்தான் அக்காவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்தத் தாய் கைப்பையின் பட்டையை முறுக்கிக்கொண்டே பேசினார்.

"காய், பழமெல்லாம் மாசத்துல முதல் பத்து நாளுக்குத்தான்க்கா. அப்புறம் பிஸ்கட்டு, பாக்கெட் நூடுல்ஸ், சீனி போட்ட டீ. இருக்கற காசுக்கு அதுதான் வயித்தை அடைக்குது. நீங்க குறை குறைன்னு சொல்வீங்க. நான் வீட்டுக்குப் போய் எதைக் குறைக்கறதுன்னு யோசிப்பேன். என் தட்டுல குறைக்க ஒண்ணுமில்ல. அவ தட்டுல அதைவிட்டா வேறொண்ணுமில்ல."

சிறுமி ஓடிவந்து பதினாலு மிருகம் என்றாள். அக்கா எடையைச் சீட்டில் எழுதி மடித்துக் கொடுத்தார். முந்தின மாதத்தைவிட இரண்டு கிலோ கூடுதல். அன்று புத்திமதி எதுவும் சொல்லவில்லை.

மதியம் அலமாரியைத் திறந்து இரண்டரை வருடத் தாள்களையும் எடுத்தார். தான் கேட்காமல் குறி போட்டவற்றை வீடு வாரியாகத் தனியே அடுக்கினார். இருநூற்றுப் பதினான்கு வீடுகள். அந்த வெள்ளிக்கிழமைதான் டாக்டர் பெட்டித் திட்டக் குழுவின் முன்னால் முடிவைச் சொல்ல இருந்தார். முடிவு என்னவென்று கூடத்தில் எல்லோருக்குமே தெரியும்: குண்டுப் பிள்ளைகளின் வீடுகளில் பற்றாக்குறை அநேகமாக இல்லை, பெட்டி தேவையில்லை. அந்த முடிவை எழுதியது டாக்டர் இல்லை, தன்னுடைய பேனா என்று அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கணவர் தலையணையில் சாய்ந்தபடியே கேட்டார். "நீ ஓய்வு பெற ஒன்றரை வருஷம்தான் இருக்கு. நீயாப் போய் எதுக்கு வம்பை விலைக்கு வாங்கறே? பேசாம இரு."

"அந்தப் புள்ள இந்த மாசம் ரெண்டு கிலோ ஏறியிருக்கா" என்றார் அக்கா. கணவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் காலை டாக்டரின் மேசையில் அந்தத் தாள்கட்டை வைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் முதலில் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். பிறகு முகம் வெளுத்தது.

"மாசாமாசம் கேட்டேனேக்கா. என் மூஞ்சியப் பாத்து ஆமான்னு சொன்னீங்களே."

"சொன்னேன் டாக்டர்."

"ஏங்க்கா?"

"அவங்க மனசு நோகக் கூடாதுன்னு நினைச்சேன். பாத்தாலே தெரியுதேன்னும் நினைச்சேன்."

டாக்டர் போனை எடுத்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நிறுத்தினார். அக்காவுக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது, அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். தாள்களை இனிப் புது நர்ஸ்தான் எழுதுவாள் என்று ஆயிற்று. ஆனால் அந்த இருநூற்றுப் பதினான்கு வீடுகளை மட்டும் அக்காவே கூப்பிட வேண்டும் என்றார் டாக்டர். "என்ன நடந்துச்சுன்னு மறைக்காம சொல்லுங்க. அப்புறம் கேளுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

ஆறு வாரம் ஆயிற்று. தினமும் மதியம் ஏழாம் எண் அறையில் உட்கார்ந்து, "அன்னிக்கு உங்ககிட்ட கேக்க வேண்டியதை நான் கேக்கல, நானாவே எழுதிட்டேன்" என்று ஆரம்பித்தார். சிலர் போனை வைத்தார்கள். ஒரு தாய் வாய்க்கு வந்தபடி திட்டினார், அக்கா முழுசாகக் கேட்டுக்கொண்டார். நாற்பத்தைந்து பேரைப் பிடிக்கவே முடியவில்லை. கிடைத்தவர்களில் எழுபத்தொரு பேர் உண்டு என்றார்கள். அந்தத் தாள்களோடு டாக்டர் குழுவிடம் போனார். குண்டுப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் பெட்டி போகும் என்று ஆயிற்று. அக்காவுக்கு அதில் சந்தோஷம் இருந்தது. இரண்டரை வருடம் பிந்திய சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்லிக்கொள்வது?

அந்த ஆறு வாரத்தில் கடைசியாகக் கிடைத்த எண் ஒரு பையனின் அப்பாவுடையது. லாரி ஓட்டுகிறவர். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசினார். அக்கா சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை.

"ஞாபகம் இருக்குக்கா" என்றார். "நாங்க மொத தடவை வந்தது அன்னிக்குத்தான். அந்த வருஷம் எனக்கு வேலை போயிருந்துச்சு. இவன் அம்மா ஒரு வேளைதான் சாப்பிட்டா. தெரிஞ்ச பேக்கரில மிஞ்சின பன்னைக் கொடுப்பாங்க, பையன் அதைத் தின்னே ஊதிப்போனான். உங்க கையில அந்தத் தாளைத் தலைகீழாப் படிச்சேன். இந்த ரெண்டையும் கேக்கப் போறாங்க, வெக்கப்படாம சொல்லிடணும்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டே நின்னேன். நீங்க மடிச்சு வெச்சுட்டீங்க."

அக்கா பேனாவைத் தாளில் வைத்தார். "இப்ப?" என்றார்.

"இப்ப லாரிக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. குறை ஒண்ணுமில்லக்கா."

அக்கா டாக்டரைப் பார்த்தார். பழைய வருடத்தை எழுத ஏதாவது வழி உண்டா என்று அந்தப் பார்வை கேட்டது. டாக்டர் இல்லை என்று தலையை அசைத்தார். கேள்வி கடந்த பன்னிரண்டு மாதத்தைப் பற்றியது. அதற்கு முந்தியதைக் கேட்க வேண்டிய நாளில் கேட்டிருக்க வேண்டும்.

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கேள்விகளையும் ஒரு சொல் விடாமல் படித்தார். இல்லை, என்றார் அந்த அப்பா. இரண்டாவதுக்கும் இல்லை என்றார். அக்கா இரண்டு 'இல்லை'களிலும் குறி போட்டார். இந்தத் தடவை அது உண்மை.