காசு கட்டிப் படிக்கிற சனம்

கதை எழுதினால் காசு வருமா என்று பூவரசங்குளத்தில் கேட்காத ஆள் இல்லை. பத்மாசனியின் புருஷன் சிவராசாவே முதல் ஆளாகக் கேட்டான். "உந்தப் போனை நோண்டி நோண்டிக் கண்ணைக் கெடுக்கிறதுதான் மிச்சம்" என்று வாய்க்கு வந்தபடி சொன்னான். பிறகு ஒருநாள் காலை வங்கியிலிருந்து போனுக்குச் செய்தி வந்தது. வயலுக்குப் புறப்பட்டவன் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு நின்று அதைப் படித்தான். நம்பாமல் மறுபடியும் படித்தான். அதன் பிறகு போனைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. மனைவி எழுதிக்கொண்டிருந்தால் குசினிக்குப் போய்த் தேத்தண்ணியைத் தானே ஊற்றிக் குடிக்கப் பழகிக்கொண்டான். காசு வந்தால் ஆம்பிளைகளுக்கும் அடுப்பு மூட்டத் தெரிந்துவிடுகிறது, என்ன செய்ய.

பத்மாசனி பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. பளையில் பிறந்தவள். பள்ளிக்கூடம் பாதியில் நின்றது ஷெல் அடியால். மிச்சம் நின்றது இடம்பெயர்வால். கடைசியில் முகாமிலிருந்து வெளியே விட்டபோது, சிவராசாவின் சொந்தக்காரர் இருந்த பூவரசங்குளத்தில் ஒரு துண்டுக் காணி கிடைத்தது. அவன் நெல் விதைத்தான். அவள் வவுனியாவில் ஒரு கார்மென்டில் தைக்கப் போனாள். விடியற்காலையில் கார்மென்ட் பஸ் வரும். இருக்கை கிடைக்காது. கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கைப் பெருவிரலால்தான் அவள் தன் முதல் கதையை எழுதினாள். அந்தப் பஸ்ஸை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் கால் உளையும்.

அவள் எழுதியது இணையத்தில் கதைகள் போடும் ஒரு தளத்தில். தொடரின் முதல் சில அத்தியாயங்களை யாரும் படிக்கலாம். அதற்கு மேல் பூட்டு. எழுதுகிறவருக்கு மாசாமாசம் ஒரு தொகை கட்டுகிறவர்களுக்குத்தான் அந்தப் பூட்டுத் திறக்கும். தளம் அவர்களை ஆதரவாளர்கள் என்று சொல்லும். பத்மாசனி 'என்ர சனம்' என்று சொல்லுவாள். பெரும்பாலும் கனடா, நோர்வே, லண்டன் என்று சிதறிப் போன நம்மவர்கள். ஊரின் வெயிலையும் புழுதியையும் அங்கே காசு கொடுத்தும் வாங்க முடியாது அல்லவா. இவள் எழுத்தில் வாங்கினார்கள். சனம் கூடக் கூட, ஒருநாள் அவள் கார்மென்டுக்குப் போய்க் கணக்கு முடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பக்கத்துக் காணியில் ராஜினி இருந்தாள். பத்மாசனியைவிட இளையவள், 'அக்கா' என்பாள். கலியாணம் கட்டி ஒரு வருசம்கூட நிறையவில்லை, அதற்குள் யுத்தத்தின் கடைசி நாட்களில் அவள் புருஷன் கிருசாந்தனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போனவன் போனவன்தான். செத்தான் என்று சொல்ல ஆளில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. அதனால் ராஜினி பொட்டை அழிக்கவில்லை. பொட்டு வைத்தால் ஒரு கதை, வைக்காவிட்டால் இன்னொரு கதை என்று ஊர் இரண்டு பக்கமும் கதைத்தது. மாமியாரைக் கடைசிவரை பார்த்து, போன வருசம் அவளின் செத்தவீட்டையும் தானே நின்று நடத்தி முடித்தாள். அதன் பிறகு அந்த வீட்டில் அவளும் கோழிகளும்தான்.

அப்போதுதான் கோயில் மதில் கட்ட ஜனகன் வந்தான். கிளிநொச்சிப் பக்கத்து மேசன். கலவரத்தில் அடிபட்டு மலைநாட்டிலிருந்து வன்னிக்கு இறங்கி வந்த குடும்பத்துப் பிள்ளை. தங்கச்சிமாரைக் கரைசேர்த்து நிமிர்வதற்குள் அவனுக்குக் கலியாண வயது போய்விட்டது. கோயிலடிக்குப் போகும் வழியில் ராஜினி வீட்டு வாசற்படி உடைந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறான். மிஞ்சின சீமெந்தைக் கொண்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் பூசிவிட்டு, ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியையும் குடிக்காமல் போய்விட்டான். மறுநாள் படி காய்ந்துவிட்டதா என்று பார்க்க வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். சீமெந்து காய அவ்வளவு நாள் எடுக்காது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

படியில் நின்று அவன் தன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டதை ராஜினி ஒரேயொரு ஆளிடம்தான் சொன்னாள். இரண்டு பேரும் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தபோது, குனிந்த தலை நிமிராமல் பத்மாசனியிடம் சொன்னாள். பத்மாசனிக்கு ஒரு பக்கம் நெஞ்சு நிறைந்தது. இன்னொரு பக்கம், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, கை துருதுருத்தது. எழுதுகிற ஆட்களிடம் மனம்விட்டுக் கதைக்கக்கூடாது என்பது இதனால்தான்.

புதுத் தொடரில் ராஜினி, புருஷன் காணாமல் போன சுகந்தி ஆனாள். ஜனகன் லொறிச் சாரதியானான். ஊர், வேலை எல்லாவற்றையும் மாற்றியவளுக்கு அந்தப் படியை மட்டும் விட மனம் வரவில்லை. லொறிக்காரன் சுகந்தி வீட்டுப் படியைப் பூசிவிட்டுத் தேத்தண்ணி குடிக்காமல் போனான்.

அடுத்த தரம் கச்சான் உடைக்க வந்த ராஜினி கேட்டாள், "அக்கா, அந்தச் சுகந்தி என்ர படியில எல்லோ இருக்கிறாள்?"

பத்மாசனியின் முகம் செத்துப்போனது. "கோவமோ?" என்றாள்.

"கோவமில்லை. அவள் என்ன சொல்லப்போறாள் எண்டுதான் கேக்கிறன்."

"இன்னும் யோசிக்கேல்லை."

"நானும்தான்" என்று சொல்லிவிட்டு ராஜினி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பத்மாசனி பார்த்ததில்லை.

அன்றிலிருந்து இரண்டு பேரும் சுகந்தியைப் பற்றியே கதைத்தார்கள். சுகந்தி இரவில் நித்திரை கொள்கிறாளா, லொறிக்காரன் வரவில்லை என்றால் வாசலைப் பார்க்கிறாளா என்றெல்லாம் ராஜினியே சொல்லுவாள். பூட்டின அத்தியாயங்களைப் பத்மாசனி சும்மா காட்டுகிறேன் என்றும் ராஜினி கேட்கவில்லை, தன் போனிலிருந்து காசு கட்டிச் சேர்ந்துகொண்டாள். "சும்மா படிச்சா நான் உங்கட வீட்டு ஆள். காசு கட்டினா மற்றவை அவளைப் பற்றி என்ன சொல்லுகினம் எண்டும் பாக்கலாமெல்லோ" என்றாள். பூட்டின அத்தியாயத்தின் கீழே ஆதரவாளர்கள் எழுதுவது ஆதரவாளர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

மதில் வேலை முடியும் தறுவாயில் ஜனகன் பத்மாசனி வீட்டுப் படலைக் கதவடியில் வந்து நின்றான். சீமெந்துப் புழுதியைத் தட்டிக்கொண்டே கதைத்தான்.

"அக்கா, வேலை முடியப் போகுது. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க. வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும். நான் ஊரப் பாத்துப் போயிர்றேன்."

பத்மாசனி போய் ராஜினியிடம் சொன்னாள். ராஜினி கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து புதுப்படியில் உட்கார்ந்தாள்.

"முதல்ல சுகந்தி சொல்லட்டும் அக்கா. அவள் ஓம் எண்டு சொல்ல, சனம் என்ன சொல்லுது எண்டு பாப்பம். அவையள் தாங்கினா நானும் சொல்லிப் போடுவன்."

விளையாட்டாகச் சொன்னது போலத்தான் இருந்தது. ஆனால் அவள் கண் சிரிக்கவில்லை. பத்மாசனி வீட்டுக்கு வந்து அந்த அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினாள். சுகந்தி லொறிக்காரனைப் படியில் உட்காரச் சொன்னாள், தேத்தண்ணி கொடுத்தாள், அவன் குடித்தான், அவள் ஓம் என்றாள். எழுதும்போதே பத்மாசனிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் உடனே போடவில்லை. தொடர்கதைக்காரி புத்தி. லொறிக்காரன் கட்டிக்கொள்ளக் கேட்கிற இடத்தோடு ஒரு அத்தியாயத்தை முடித்துப் போட்டு, சனத்தைக் காக்க வைத்தாள்.

சனம் காத்திருக்கவில்லை. அன்று பொழுது சாயும் முன்பே எழுதத் தொடங்கிவிட்டது. எங்கட பொம்பிளையள் அப்பிடிச் செய்ய மாட்டினம் என்று ஒருவர். புருஷன் எங்கேயோ இருட்டறையில் கிடக்கிறான், இவளுக்கு இங்கே மாப்பிள்ளை கேட்குதோ என்று இன்னொருவர். அதிலும் யார் எவர் என்று தெரியாத லொறிக்காரனோ என்று வேறொருவர். சுகந்தி ஓம் சொன்னால் நாங்கள் நிறுத்திவிடுவோம் என்று பச்சையாகவே சிலர் எழுதினார்கள். அவள் வாழட்டுமே என்று எழுதினவர்களும் இருந்தார்கள். அவர்கள் குரல் எடுபடவில்லை. குளிர்நாட்டில் சூடாக்கின அறையில் இருந்துகொண்டு அடுத்தவள் எத்தனை வருசம் காத்திருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல நல்ல வசதி.

இப்படி நான் பொரிந்து தள்ளுகிறேனே தவிர, நோர்வேயிலிருந்து போன் எடுத்த அப்புத்துரையைத் திட்ட எனக்கும் வாய் வரவில்லை. தொடர் தொடங்கின நாளிலிருந்து எல்லாரையும்விடக் கூடக் கட்டுகிறவர் அவர். வயது போன மனுஷன், குரல் நடுங்கியது.

"தங்கச்சி, என்ர தம்பியையும் அப்பிடித்தான் கொண்டு போனவங்கள். அவன்ர மனுசி முல்லைத்தீவில இருக்கிறா. சுகந்தி ஓம் எண்டு சொன்னா, தம்பி செத்துப்போனான் எண்டு நான் ஒத்துக்கொள்ள வேணும். என்னால ஏலாது பிள்ளை."

பத்மாசனி போனை வைத்தாள். அவருக்காக மனம் இளகியது உண்மை. அதோடு மாசக் காசை நினைத்துப் பயந்ததும் உண்மை. இவர்கள் எல்லாரும் போய்விட்டால் மறுபடியும் விடியற்காலை, அந்தக் கம்பி, அந்தக் கால் உளைச்சல். அதுவா இதுவா என்று பார்த்தபோது, கதை வேறு வாழ்க்கை வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ராஜினி படியில் உட்கார்ந்து சொன்னதை அவள் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட மன்னித்துவிடலாம்.

எழுதி வைத்ததை அப்படியே ஒரு பக்கம் வைத்துவிட்டு வேறொன்று எழுதினாள். அதில் சுகந்தி படியில் நின்றபடியே, "அவர் வருவார், நீங்கள் போங்கோ" என்றாள். லொறிக்காரன் போனான். போட்ட உடனே பாராட்டு வந்து குவிந்தது. புதிதாகப் பலர் காசு கட்டிச் சேர்ந்தார்கள். 'சுகந்தி எங்கள் குலவிளக்கு' என்று ஒருவர் எழுதினார். அப்புத்துரை நன்றி என்று மட்டும் எழுதியிருந்தார். சிவராசா சந்தையிலிருந்து கோழி வாங்கி வந்தான். பத்மாசனி தன் பங்கையும் அவன் தட்டிலேயே போட்டாள்.

பக்கத்துக் காணிக்குப் போகக் கால் வரவில்லை. அந்தக் கிழமை ஏழு நாளும் ஒரு சாட்டு, இரண்டு சாட்டு என்று தட்டிக் கழித்தாள். கடைசியில் மனம் கேட்காமல் போனபோது ராஜினி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு எப்போதும் போல இருந்தது.

"ஜனகன் எங்கை?" என்றாள் பத்மாசனி.

"ஊருக்குப் போட்டான். படியைத் திரும்ப ஒருக்காத் தட்டிப் பாத்திட்டுப் போனவன். தேத்தண்ணி குடுத்தன். குடிச்சான்."

"நீ என்ன சொன்னனீ?"

"சுகந்தி சொன்னதைத்தான்."

பத்மாசனி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "ராஜினி, அது நான் அவையளுக்குப் பயந்து எழுதினது. முதல்ல வேறை எழுதி வைச்சனான். கிடக்கு, காட்டுறன். அதைப் போடுறன். நீ அவனுக்கு ஒரு கோல் எடு."

ராஜினி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பத்மாசனிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்கள் எழுதினது பிழையில்லை அக்கா. அவையள் கீழ எழுதினது எல்லாத்தையும் நான் வாசிச்சனான். காசு கட்டிப் படிக்கிற சனமே தாங்கேல்லை. சும்மா நிண்டு பாக்கிற சனம் என்னைத் தாங்குமே?"

பத்மாசனி மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பி வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த நாளே அவள் முதலில் எழுதி ஒரு பக்கம் வைத்த அத்தியாயத்தைப் போட்டாள். முன்னே போட்டது பிழை, இதுதான் சுகந்தியின் பதில் என்று மேலே எழுதியும் விட்டாள். வந்தவர்களில் பெரும்பகுதி வந்த வேகத்தில் போய்விட்டது. சிலர் வாயில் வராத வார்த்தையெல்லாம் எழுதிவிட்டுப் போனார்கள். அப்புத்துரை ஒன்றும் எழுதவில்லை. ஒருநாள் பார்க்கும்போது அவர் பெயர் இல்லை, அவ்வளவுதான். சிவராசா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. விடியற்காலையில் தானே எழும்பித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, மனைவியை ரோட்டடி வரை கொண்டுபோய்க் கார்மென்ட் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறான். அவன் நல்லவன்தான்.

ராஜினி இப்போதும் கச்சான் உடைக்க வருகிறாள். மழையைப் பற்றி, கோழியைப் பற்றி, நெல் விலையைப் பற்றிக் கதைப்பாள். சுகந்தி என்ற பெயரை மட்டும் எடுப்பதில்லை.

ஓர் அத்தியாயத்தை யார் யார் திறந்து படித்தார்கள் என்று அந்தத் தளம் எழுதுகிறவருக்குக் காட்டும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்மாசனி அதைத்தான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறாள். ராஜினியின் காசு மாசாமாசம் தவறாமல் வருகிறது. சுகந்தி ஓம் என்று சொன்ன அத்தியாயத்தை அவள் இன்றுவரை திறக்கவில்லை.