தீர்ப்போடு பஸ் ஏறிய நாள்

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். அப்போது நான் திருவொற்றியூரில் ஒற்றை அறை வீட்டில் இருந்தேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. நான் சொல்ல, பக்கத்து வீட்டுப் பெண் இதை எழுதுகிறாள். கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் ஊக்கு, சீப்பு, சாவிக்கொத்து விற்றுத்தான் பிழைப்பு. என் கணவர் கண் தெரிந்தவர். மணலியில் டேங்கர் லாரி கிளீனராக இருந்தார். மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது.

அவள் தவழ ஆரம்பித்ததுமே மணி நிறைய வைத்த கொலுசு வாங்கிப் போட்டேன். பார்வையில்லாத அம்மாக்கள் பலர் செய்வதுதான். எங்கே போகிறாள், விழுந்தாளா, ஓடுகிறாளா என்று கொலுசு சொல்லிவிடும். சத்தமே இல்லையென்றால் எதையோ எடுத்து வாயில் போட்டு மெல்லுகிறாள் என்று அர்த்தம்.

காரியம் முடிந்த மறுநாள், கணவரின் அண்ணனும் அண்ணியும் வீட்டில் இருந்தார்கள். நான் வீட்டுக்குப் பின்னால் போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தால் யாருடைய பேச்சும் கேட்கவில்லை. குழந்தை தூங்கிய பாயைத் துழாவினேன். கொலுசு மட்டும் கையில் பட்டது. எனக்குக் கேட்கக் கூடாது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மாதவரத்தில் அவர்கள் வீட்டு வாசலில் நின்று கத்தினேன். கதவைத் திறக்காமலே என் ஓரகத்தி பேசினாள்.

"கண்ணு தெரியாதவ நீ இன்னாத்த வளப்ப? அடுப்புல வுழுந்தா யாரு பாக்குறது? புள்ள இங்க நல்லாத்தான் கீது, போ."

போலீஸிலும் 'குடும்ப விஷயம், அவர்கள் சொல்வதும் நியாயம்தானே' என்று அனுப்பிவிட்டார்கள். ரயிலில் என்னோடு வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர்தான், கோர்ட்டில் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள் என்று கூட்டிப் போனார். அங்கே வந்த வக்கீலம்மா விஷயத்தை உடைத்துச் சொன்னார். அப்பா இல்லாத குழந்தைக்கு அம்மாதான் காப்பாளர், பார்வை இல்லை என்பதற்காக மட்டும் அந்த உரிமையை யாரும் பிடுங்க முடியாது. ஆனால் வளர்க்கும் பொறுப்பும் என்னுடையதுதான், அதை எப்படிச் செய்வேன் என்று கோர்ட் கேட்கும் என்றார்.

கேட்டார்கள். பால் எப்படிக் காய்ச்சுவேன், காய்ச்சல் வந்தால் எப்படித் தெரியும் என்று எல்லாம் கேட்டார்கள். கண் தெரிந்த எந்த அம்மாவையும் இப்படி நிற்கவைத்துக் கேட்டிருப்பார்களா? எதிர்த்தரப்பு வக்கீல், மாட்டுக்கு மணி கட்டுவதுபோல் பிள்ளைக்குக் கட்டியிருக்கிறாள் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்கோ திரும்பிப் பாத்து தெரிஞ்சிக்கிறீங்கோ. நான் சத்தத்துல தெரிஞ்சிக்கிறேன். இதுல இன்னாய்யா தப்பு?" என்றேன். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார்.

வழக்கு முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. குழந்தை எனக்குத்தான் என்று தீர்ப்பு வந்தது. நகலை என் பையில் வைத்துவிட்டு, வக்கீலம்மா அடுத்த வழக்குக்கு ஓடினார். கோர்ட் வராண்டாவில் மகளை என் கையில் கொடுத்தார்கள். அவள் ஓரகத்தியின் புடவையை விடவே இல்லை. ஒரு வருடமாக அவளைத்தான் அம்மா என்று கூப்பிட்டுப் பழகியிருந்தாள்.

ஒரு கையில் குச்சி, இடுப்பில் வீறிடும் குழந்தை. பாரிமுனையில் பஸ் ஏறினேன். ராயபுரம் தாண்டும்வரை அவள் அழுகை ஓயவில்லை. "அம்மாகிட்ட போணும், அம்மாகிட்ட போணும்" என்று கத்தினாள்.

"இன்னாம்மே, எவ வூட்டுப் புள்ள இது?" என்று ஒரு குரல்.

"என் புள்ளதாங்க."

"அம்மாகிட்ட போணும்னு அழுவுது, உம் புள்ளயா? பிச்ச எடுக்க தூக்கிகினு போறியா?"

அவ்வளவுதான். பஸ் நின்றது. யாரோ குச்சியைப் பிடுங்கினார்கள். யாரோ குழந்தையை இழுத்தார்கள், நான் விடவில்லை. பின்மண்டையில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. "பையில கோர்ட் பேப்பர் கீது, பாருங்கோ" என்று அலறினேன். எடுத்துப் பார்த்தவர்கள் இங்கிலீஷில் இருக்கிறது என்று கை மாற்றினார்கள். ஒரு காலேஜ் பெண்தான் வாங்கிப் படித்தாள்.

"இவங்கதான் அம்மா. ஜட்ஜே சொல்லிருக்காரு. வுடுங்க அவங்கள."

குச்சி என் கைக்கு வந்தது. யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அடித்த கை யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இடம் கொடுத்தவருடையதாகக்கூட இருக்கலாம்.

என்னோடு ஒட்ட மகளுக்கு வெகுநாள் பிடித்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்த பஸ் அவள் நினைவில் இருக்காது என்றுதான் நினைத்தேன். ஆனால் பஸ்ஸோ ரயிலோ, ஏறியதும், யாரும் கேட்பதற்கு முன்பே பக்கத்தில் இருப்பவர்களிடம் "இவங்க எங்க அம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறாள். நான் சொல்லிக்கொடுத்ததில்லை. நீதிபதி ஒரு தடவை சொன்னதை என் பிள்ளை தினம் தினம் சொல்லவேண்டியிருக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.