'எல்லார்க்கும்' என்று வெட்டிய குவளை

இன்று காலை, பக்கத்துத் திருமண மண்டபத்தின் பின்புறம் காகிதக் குவளைகளைக் குவித்து எரித்தார்கள். பெயர்தான் காகிதம்; உட்புறம் பூசிய நெகிழி உருகும் நாற்றம் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. வாசற்பந்தலின் மல்லிகை மணத்தையும் அது விட்டுவைக்கவில்லை. "சன்னலச் சாத்துங்களேன், என்னத்த வேடிக்க பாக்கிய?" என்றாள் மனைவி. சாத்தவில்லை. என் கண், வழக்கம்போல, மேசைமேல் எழுதுகோல்கள் செருகியிருக்கும் எவர்சில்வர் குவளையில் போய் நின்றது. ஏன் என்று சொல்லுகிறேன்; எனக்குச் சற்றுச் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் ஒன்று இலக்கண நூல் எழுதுவான், அல்லது ஊரைத் திருத்தப் புறப்படுவான். நான் ஊரைத் தேர்ந்தெடுத்தேன், நூலாவது தப்பியது. என்னோடு சேர்ந்தவர்கள் இருவர்: அரிசிக்கடை பேச்சிமுத்து அண்ணாச்சியும், கீழத்தெருவில் தையற்கடை வைத்திருந்த சண்முகத்தாயும். சனிக்கிழமை காலைதோறும் ஓடையில் இறங்கிக் குப்பை வாரினோம். வாரிய இடத்தில் மறுவாரமும் அதே விருந்துக் குவளைகள் கிடக்கும். சண்முகத்தாய்தான் ஒருநாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: "இப்பிடி வாரிக்கிட்டே கெடந்தா விடிஞ்சிருமா சார்? ஊருக்குப் பொதுவா ஏனம் வாங்கிப் போடுவோம். விசேஷ வீட்டுக்காரங்க எடுத்துட்டுப் போயிக் கழுவித் தரட்டும்."

தெருத்தெருவாகக் கேட்டுப் பாத்திரங்கள் சேர்த்தோம். கீழத்தெருவும் கொடுத்தது, மேலத்தெருவும் கொடுத்தது. அண்ணாச்சியின் கிட்டங்கியில், அரிசி மூட்டைகளின் தவிட்டு வாசனைக்கு நடுவே, அவை அடுக்கப்பட்டன. அவற்றில் வெட்ட வேண்டிய வாசகத்தை மூன்று நாள் யோசித்தேன். 'பொதுமக்கள் பயன்பாட்டிற்குரிய கலன்' என்று எழுதிக் கொடுத்தபோது, பெயர் வெட்டுபவர் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இம்புட்டும் வெட்டணும்னா அண்டாதான் கொண்டாரணும்" என்றார். கடைசியில் ஒரே சொல்லில் நின்றேன்: எல்லார்க்கும்.

"அடியில அடையாளத்துக்குக் கோடு போட்டுக்கிடட்டுமா சார்?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"அடியில என்னத்தையும் போடுங்க. எழுத்துல மட்டும் கை வச்சிராதிய" என்றேன். எல்லாரும் சிரித்தோம்.

திட்டம் ஓடியது. மேலத்தெருக் கல்யாணங்களிலேயே எங்கள் குவளைகளில் பாயசம் கொடுத்தார்கள். சனிக்கிழமை வேலை முடிந்ததும் கிட்டங்கி வாசலில் அண்ணாச்சி தேநீர் ஊற்றுவார். சண்முகத்தாய், தாம் குடித்த குவளையைத் தாமே கழுவி மூலையில் கவிழ்த்துவைத்துவிட்டுத்தான் போவார். "பொறுப்பு என்றால் இது" என்று நான் பிறரிடம் புகழ்ந்து சொல்வதுண்டு.

பிறகு அவருடைய மகளுக்குச் சடங்கு வந்தது. அண்ணாச்சி பனவடலிசத்திரத்தில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்ததால், திறவுகோல் என்னிடம் இருந்தது. பாத்திரம் கேட்டு வந்த சண்முகத்தாயிடம், கைக்கு எட்டிய அடுக்கிலிருந்து குவளைகளை எடுத்து நீட்டினேன்.

"அது வேண்டாம் சார். எங்களுக்குள்ளது அங்கன, மூலையில."

"எல்லாம் ஒன்றுதானே அம்மா?"

அவர் என்னை விந்தையாகப் பார்த்தார். இரண்டு குவளைகளை எடுத்து என் முன் கவிழ்த்தார். ஒன்றின் அடியில் ஒரு கோடு. மற்றதன் அடியில் இரண்டு.

"ஒரு கோடு மேலத்தெருவுக்கு, ரெண்டு கோடு எங்களுக்கு. நீங்கதான சார் போடச் சொன்னிய?"

இத்தனை மாதமும் அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். நினைத்துக்கொண்டே என்னோடு ஓடையில் இறங்கியிருக்கிறார். அந்த மூலைக் குவளையும் என் புகழுரையும் ஒருசேர நினைவுக்கு வர, உடம்பு கூசியது. "கலந்தே எடுத்துக்கொண்டு போங்கள்" என்று உளறினேன்.

"எம் மக சடங்குல சண்டைய இழுத்து விட்டுராதிய சார். நான் பேப்பர் கப்பே வாங்கிக்கிடுதேன். குடிச்சதும் எரிச்சிரலாம். அத யாரும் கவுத்துப் பாக்க மாட்டாவ."

வெறுங்கையோடு போனார்.

மறுநாள் அண்ணாச்சியிடம் பாய்ந்தேன். அவர் பதறவே இல்லை. "கோவப்படாதிய சார். அந்தக் கோடு இல்லன்னா மேலத்தெருவுல ஒரு வீட்லயும் நம்ம ஏனத்தத் தொட்டிருக்க மாட்டாவ. உங்க திட்டம் ஓடுனதே அதாலதான்" என்றார், நல்ல செய்தி சொல்பவர்போல. முதல் அதிர்ச்சியைவிட அதுதான் என்னை உட்கார வைத்தது. நான் வெற்றி என்று நினைத்து மகிழ்ந்தது அந்தக் கோட்டின் வெற்றி.

பெயர் வெட்டுபவரை வரவழைத்து, ஒரு கோடிட்டவை அனைத்திலும் இரண்டாவது கோட்டைப் போடச் செய்தேன். அடுக்குகளையும் கலைத்துக் கலந்தேன். செய்தி அன்று மாலைக்குள் ஊரைச் சுற்றியது. அதன்பின் மேலத்தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. சண்முகத்தாயும் வரவில்லை, கடைவீதியில் கண்டால், "சௌக்கியமா சார்?" என்று கேட்டுவிட்டு நடப்பார்.

கிட்டங்கி இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை. பாத்திரங்கள் பழைய பாத்திரக் கடைக்குப் போயின. ஓடையில் குவளைகள் மீண்டும் மிதக்கின்றன. மூவரும் சேறு படிந்த கால்களோடு தேநீர் குடித்த அந்தச் சனிக்கிழமைகள் இல்லை. அவை நான் எண்ணியிருந்தபடி ஒருபோதும் இருந்ததில்லை என்பதும் தெரிந்துவிட்டது.

இந்த ஒன்றை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டேன். எழுதுகோல்களைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு கோடுகள். தொடக்கத்திலேயே இரண்டா, பிறகு இரண்டானதா, சொல்ல முடியவில்லை. இப்போதுதான் அது எல்லார்க்கும் உரிய குவளை. அதில் குடிக்கத்தான் யாரும் இல்லை.